ஒரு கிராஸை மட்டும் அளந்த அன்று

எங்கள் உதிரிபாகக் கடையில் கவுன்டருக்குப் பின்னால் நிற்பவரை எல்லோரும் வெர்னியர் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அந்த அளவுக் கருவி கையில் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. லாரியோ ஜீப்போ, எஞ்சினின் சுழற்சியைச் சக்கரப் பக்கம் கொண்டுபோகும் ஷாஃப்ட் பழுதானால் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு அவரிடம்தான் வருவார்கள். வண்டியின் பேரைச் சொன்னால் அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"பேரு வைக்கவா கூட்டிட்டு வந்த? சாமானைத் தொடைச்சுக் குடு, பாக்கலாம்."

கோபத்தில் நியாயம் உண்டு. ஷாஃப்டின் முனையில் இருக்கும் சாதாரண ஜாயின்டில் கூட்டல் குறி போல ஒரே ஒரு கிராஸ் இருக்கும். ஷாஃப்ட் ரொம்பச் சரிந்து நிற்கும் வண்டிகளில் இரண்டு கிராஸ் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும், நடுவில் ஓர் இரும்புக் குண்டு தாங்கிப் பிடித்திருக்கும். எவ்வளவு வளைந்தாலும் ஒரே சீராகச் சுற்றும். அதுதான் சி.வி. ஜாயின்ட். இரண்டு கிராஸும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரிதான் தெரியும். ஆனால் முன்பு எவனாவது ஒரு பாதியை வேறு வண்டியிலிருந்து கழற்றி மாட்டியிருந்தால் ஒன்று கொஞ்சம் நீளமாக இருக்கும். அதனால் இரண்டையும் அளக்காமல் அக்கா எதையும் எடுத்துக் கொடுக்க மாட்டார். நான் ஒருமுறை ஒன்றோடு நிறுத்திவிட்டு, கடை நிறைய ஆள் இருக்கும்போது வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அக்காவின் தம்பி மலைமேல் இருக்கும் குவாரிக்கு ஜீப் ஓட்டுகிறவன். ஒருநாள் அப்படி இரண்டு கிராஸ் உள்ள முன்பக்க ஷாஃப்டோடு வந்தான். வந்ததும் வராததுமாகத் தன் மனைவி மாசமாக இருக்கிறாள் என்றான். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனை மாசம், என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டுக்கொண்டே ஒரு கிராஸை அளந்தார். அதே அளவில் இரண்டை எடுத்துக் கொடுத்தார். குவாரி முதலாளி கத்துவார், நானே மாட்டிக்கொள்கிறேன் என்று ஓடினான் தம்பி.

அந்த வாரமே, மலை இறக்கத்தில் ஷாஃப்ட் கழன்று தரையில் குத்தி ஜீப் சாய்ந்தது. தம்பிக்குத் தொடை எலும்பு முறிந்தது. கண்மண் தெரியாமல் ஓட்டினான் என்று முதலாளி அவனை வேலையைவிட்டு நிறுத்தினார்.

உடைந்த ஜாயின்ட் எங்கள் கடைக்குத்தான் வந்தது. அக்கா துடைத்தார். கிராஸ் உட்காரும் இரண்டு இடங்களையும் அளந்தார். ஒன்று பெரிது. வெர்னியரை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அன்று முழுக்க அவர் யாரையும் திட்டவில்லை. மறுநாள் தம்பி மனைவி போனில் அழுதாள். "அண்ணி, நீங்களாவது அவருக்குப் புத்தி சொல்லுங்க. மெதுவா போங்கன்னா கேக்கவே மாட்டேங்கிறாரு."

போனை வைத்த அக்கா, ஜாயின்ட்டைச் சாக்கில் போட்டு என்னையும் இழுத்துக்கொண்டு நேரே குவாரி முதலாளியிடம் போனார்.

"அவன் மேல தப்பில்லைங்க. நான் ஒண்ணைத்தான் அளந்தேன். தப்பான சாமானைக் குடுத்தது நான்."

முதலாளி அந்த இரும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கால் சரியானதும் வரச் சொல்லுங்கம்மா" என்றார். எங்கள் கடைக்கு இனி அவர் வரமாட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

அங்கிருந்து ஆஸ்பத்திரி. தம்பியின் கட்டில் பக்கத்தில் நின்று அக்கா எல்லாவற்றையும் சொன்னார். தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மாட்டும்போதே லேசா ஆடிச்சுக்கா. திரும்ப எடுத்துட்டு வரலாமான்னு யோசிச்சேன். அப்புறம், நீ அளந்து குடுத்ததாச்சே, தப்பா இருக்காது, என் கைதான் சரியில்லன்னு நெனச்சு ஓட்டிட்டேன். விடுக்கா."

அவரைத் தேற்றத்தான் சொன்னான், பாவம். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார், சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நாலு வார்த்தை திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்டா" என்றார்.