ரோலுக்குள் ஒரு கொண்டை ஊசி

கஞ்சிக்கோட்டில் நான் பார்க்கும் வேலை என்னவென்று சொந்தக்காரர்களுக்கு விளக்கப் போய்ப் பலமுறை தோற்றிருக்கிறேன். பஞ்சைச் சுத்தம் செய்து, வட்டம் வட்டமாக வெட்டி, இரும்பு அச்சில் கோத்து, பிரஸ்ஸில் வைத்துக் கல்லாகும் வரை அமுக்கி, லேத்தில் கடைந்து ரோல் செய்கிறோம் என்றேன். குமுளிக்குப் பக்கத்து எஸ்டேட்டில் ஏலக்காய் எடுக்கும் என் அண்ணி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கல்லுதான் வேணும்னா கல்லையே உருட்டிக்கிட்டுப் போக வேண்டியதுதான?" என்றாள். இத்தனை வருஷத்தில் எங்கள் கம்பெனிக்கு வந்த பெரிய ஆபீசர்கள்கூட இவ்வளவு நல்ல கேள்வி கேட்டதில்லை.

பதில் இதுதான். துணிக்கும் காகிதத்துக்கும் மினுமினுப்பு ஏற்ற, சூடான இரும்பு ரோலுக்கும் எங்கள் பஞ்சு ரோலுக்கும் நடுவே அதை ஓடவிடுவார்கள். இரண்டும் இரும்பாக இருந்தால் துணி நசுங்கிப் போகும். பஞ்சு ரோலைக் கை முட்டியால் தட்டினால் தேக்குக் கட்டை மாதிரி 'டக்' என்னும்; ஆனாலும் உள்ளுக்குள் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். மேலே பள்ளம் விழுந்தால் ஈரத் துணியால் துடைத்துச் சும்மா ஓடவிட்டால் போதும், பஞ்சு உப்பித் தானே சரியாகிவிடும். நன்றாகச் செய்த ரோல் வருஷக்கணக்கில் உழைக்கும். எங்கள் முதலாளி இதை வருகிறவர்களிடம் சொல்லும்போது, ஏதோ அவரே செடியில் காய்க்க வைத்துப் பறித்தது போல இருக்கும்.

நான் இருப்பது பஞ்சு மேசையில். நாலு பெண்கள். பேல் மூட்டை பிரித்துக் கொட்டும் பஞ்சிலிருந்து விதைத்தோல், இலைத்தூள், சாக்கு நார், பிளாஸ்டிக் இழை, யாருடையதோ தலைமுடி எல்லாவற்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பொறுக்க வேண்டும். கெட்டியான பொருள் ஒன்று உள்ளே போய்விட்டால், ரோல் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் துணியில் அது ஒரு குத்து வைக்கும். அதனால் மேசைக்கு வரும் பெண்களுக்கு வளையல் இல்லை, கொண்டை ஊசி இல்லை, சேப்டி பின் இல்லை. சடையைத் துணி நாடாவால் கட்ட வேண்டும். மேசைக்கு மூத்தவள் என்பதால் இதையெல்லாம் சோதிப்பது என் பொறுப்பு. என் வாய்க்குப் பயந்தே யாரும் ஊசி குத்தி வருவதில்லை என்று ஊரில் பேச்சு. நானும் அதை மறுத்ததில்லை.

முதலாளி கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கவுண்டர். தென்னந்தோப்பும் வயலும் உள்ளவர், மரியாதைக்காரர். அவர் யாரையும் 'ங்க' போடாமல் திட்டியதில்லை. "நாளைக்கு நீங்க வரவேண்டாமுங்க" என்று அவர் ஒருவரை வேலையை விட்டு நிறுத்தியபோது, அந்த ஆள் ஏதோ கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறார் என்று சிரித்துக்கொண்டே நின்றதைப் பார்த்தவள் நான். பிரஸ்ஸில் அழுத்தம் காட்டும் மீட்டரைவிட அவருக்குச் சுவரில் தொங்கும் காலண்டர் மேல் நம்பிக்கை அதிகம். ராகுகாலத்தில் எங்கள் பிரஸ் ஓடாது. புது ரோலுக்குச் சூடம், எலுமிச்சம்பழம், தேங்காய். எல்லாம் சரியாக இருந்தால் அதன் பிறகு கொஞ்சம் பஞ்சும்.

ஈரோட்டுக்கு அப்பால் ஒரு வேட்டி மில்லுக்குப் பெரிய ரோல் கேட்டு வந்தது. அவ்வளவு பெரியது நாங்கள் அதுவரை செய்ததில்லை. ஒரே மூச்சில் முடியாது. கொஞ்சம் கோத்து, அமுக்கி, அப்படியே அழுத்தத்தில் ஊறவிட்டு, மறுபடி கோக்க வேண்டும். பாதி கோத்த நிலையில் முதலாளி ஒரு விசேஷ பூஜை வைத்தார். பிரம்ம முகூர்த்தம். பஞ்சு மேசைப் பெண்கள் மட்டும் அன்று பூஜை முடிந்து ஒன்பது மணிக்கு மேல் வந்தால் போதும் என்று சொல்லி அனுப்பினார். யாருக்கு எந்த நாள் என்று எப்படித் தெரியும், சாமி விஷயம் பாருங்க என்றாராம். ரோலின் பஞ்சு முழுக்க எங்கள் கை பட்டதுதான். அது தீட்டில்லை, நாங்கள் கிட்டே வந்து நின்றால்தான் தீட்டு. சரி, ஒரு நாளாவது சாவகாசமாகக் காபி குடித்தோம்.

ரோல் போய்ச் சில மாதம் கழித்து மில்லிலிருந்து வாட்ஸாப்பில் ஒரு வீடியோ வந்தது. வெள்ளை வேட்டி ஓடுகிறது; நாலு முழத்துக்கு ஒரு தரம் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு மினுக்குப் புள்ளி. முதலாளி அதை எங்கள் மேசைக்கே கொண்டுவந்து திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார். பிறகு மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

"ஏனுங்க, இது ஆரோட கொண்டை ஊசீங்க?"

ஊசி என்று அந்தப் புள்ளி அவரிடம் எப்போது சொன்னது என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் காலையில் கல்யாண மண்டப வாசலில் நிற்பவர்கள் வைத்திருக்கும் மெட்டல் டிடெக்டர் கோல் ஒன்றை எங்கிருந்தோ வாங்கி வந்துவிட்டார். ஹாஜர் கையெழுத்து வைக்கும் இடத்தில், லேத் ஆட்கள், லோடு ஆட்கள், அசாமிலிருந்து வந்த பையன்கள் எல்லோருக்கும் முன்னால் எங்களை வரிசையாக நிறுத்தி அந்தக் கோலால் தடவினார்கள். என்னிடம் அது கத்தவில்லை. என் கழுத்துச் சிலுவைகூட மரத்தில் செய்தது. அடுத்தவளிடம் கத்தியது. நெஞ்சுக்கு நேரே.

அவள் வேலந்தாவளத்துக்காரி, எங்கள் நாலு பேரில் வாயே திறக்காதவள். அன்று காலை பஸ்ஸில் வரும்போது ஜாக்கெட்டின் கொக்கி அறுந்துவிட்டது. ஒரு சேப்டி பின் போட்டிருந்தாள். வந்ததும் என்னிடம் சொல்லிவிட்டாள்; உடை மாற்றும் அறையில் நூல் போட்டுத் தைத்துக்கொள்வதாக இருந்தாள். அதற்குள் கோல் முந்திக்கொண்டது. அத்தனை ஆண்களுக்கு முன்னால் அவள் அதைச் சொல்லவும் முடியாமல், கழற்றவும் முடியாமல் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். இது இன்று காலை பஸ்ஸில் போட்ட பின் என்று நான் சொன்னேன், சத்தமாகவே சொன்னேன். முதலாளி காதில் விழவில்லை. "கெடச்சுப்போச்சுங்களே" என்றார், காணாமல்போன ஆடு கிடைத்த சந்தோஷத்தில். அன்று மத்தியானமே அவள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

முதலாளி கெடு வைத்தார். ரோலில் ஊசி விட்டது அவள்தான் என்று சனிக்கிழமைக்குள் மேசைக்கு மூத்தவள் என்ற முறையில் நானே பெயரைச் சொல்லிவிட வேண்டுமாம். மில்லுக்குக் குற்றவாளியை வேலையை விட்டு நிறுத்தியாகிவிட்டது என்று பதில் சொல்ல வசதியாக இருக்கும். சொல்லாவிட்டால் நாலு பேருக்கும் வேலை இல்லை. என் வீட்டுக்காரர் ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே, "ஒனக்கு எதுக்கு இந்த வம்பு?" என்று கேட்டார். நானும் யோசிக்காமல் இல்லை. அவள் இனி வரப்போவதில்லை, பெயரைச் சொன்னால் அவளுக்கு என்ன குறைந்துவிடப் போகிறது என்று ஒரு முழு நாள் மனசுக்குள் கணக்குப் போட்டேன். அந்த நாளை நினைத்தால் இப்போதும் எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது.

சனிக்கிழமை போய் நின்றேன்.

"மொதலாளி, ரோலு திரும்பி வந்து லேத்துல கெடக்கு. எப்படியும் மேல செதுக்கத்தான் போறீக. எங்க கண்ணு முன்னால செதுக்குங்க. உள்ள ஊசி இருந்தா நாலு பேரும் இப்பவே எறங்கிப் போயிருதோம். பேரு மட்டும் நான் சொல்ல மாட்டேன்."

அவர் காலண்டரைப் பார்த்தார். நல்லவேளை, எமகண்டம் முடிந்திருந்தது.

லேத் ஓடியது. பஞ்சு சாம்பல் நிறச் சுருளாக உரிந்து காலடியில் விழுந்துகொண்டே இருந்தது. கல்லாகிப் போன பஞ்சு கடையும்போது மறுபடி பஞ்சாகிவிடும், எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது ஆச்சரியம்தான். திடீரென்று உளி கிறீச்சென்றது. லேத்காரர் நிறுத்தி, கத்தி முனையால் நோண்டினார். முதலில் சிவப்பாக ஒன்று வந்தது. கொண்டை ஊசி சிவப்பாக இருக்குமா என்று நான் யோசிப்பதற்குள் பச்சை வந்தது. பிறகு மஞ்சள், நீலம். கடைசியாக நகக்கண் அளவு ஒரு செம்புத் தகடு.

நவரத்தினம். நாட்டு மருந்துக் கடையில், வாசக்கால் வைக்கும்போது அடியில் போடுவதற்குப் பொட்டலமாகக் கட்டி விற்பார்களே, அதுதான். மாணிக்கம், மரகதம், வைரம் என ஒன்பதும் சேர்ந்து ஒரு தேங்காய் விலைகூட வராது.

முதலாளி அவற்றை எங்களுக்கு முன்பே அடையாளம் கண்டுவிட்டார் என்பது, செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அவற்றைக் கையில் ஏந்தியதில் தெரிந்தது. தாமாகவே சொன்னார்.

"வாசக்கால் வெக்கையில போடறதில்லீங்களா, அதாட்டந்தானுங்க. பெரிய ரோலாச்சே, நல்லா நிக்கோணும்னு நாந்தான் அன்னிக்குப் பூசையில பஞ்சுக்குள்ள போட்டுவிட்டனுங்க."

வருஷக்கணக்காக நான்கு பெண்கள் தலைமுடி ஒன்றுகூட உள்ளே போகாமல் பொறுக்கிக் கொடுத்த பஞ்சுக்குள், அவர் ஒன்பது கல்லும் ஒரு செம்புத் தகடும் பயபக்தியோடு போட்டிருக்கிறார். மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரும் என்று நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அவர் கற்களைத் துண்டில் முடிந்துகொண்டு, ஏதோ தோஷம் இருந்திருக்கிறது, சாமியே வெளியே காட்டிக்கொடுத்துவிட்டது என்றார். சாயங்காலம் எல்லோருக்கும் லட்டு வந்தது. பாலில் கழுவிய நவரத்தினம் இப்போது ஆபீஸ் சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது. மெட்டல் டிடெக்டர் கோல் அதற்குப் பக்கத்தில்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெபம் முடிந்ததும் வேலந்தாவளத்துக்குப் பஸ் ஏறினேன். வேலைக்கு வரச் சொல்லுங்க, மனசுல ஒண்ணும் வெச்சுக்க வேண்டாம்னு சொல்லுங்க என்று முதலாளி என்னிடம் சொல்லி அனுப்பியிருந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். ஜெயித்துவிட்டோம் என்று சொல்லப் போகிறேன் அல்லவா. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, முதலாளியின் முகம் போன போக்கை எப்படி நடித்துக் காட்டுவது என்று ஒத்திகைகூடப் பார்த்துக்கொண்டேன்.

அவள் வாசலில் ஆட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தாள். நான் நடித்துக் காட்டினேன். சிவப்புக் கல், பச்சைக் கல், லட்டு எல்லாம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அன்று அந்தக் கோலுக்கு முன்னால் நின்றபோது பிடித்த அதே பிடி.

"நாஞ் சொல்லியிருந்தாலும் ஆரும் நம்பியிருக்க மாட்டாங்க. நீங்க கத்திச் சொன்னீங்க, அதையும் நம்பலீங்க. கல்லு வந்து சொன்னாத்தானுங்களாக்கா நாம சொல்றது நெசம்? நான் வரலீங்க."

பானையைத் தூக்கிக்கொண்டு அவள் பட்டிக்குள் போனாள்.