வளையல் பட்ட கருப்புக் காய்

என் மகளுக்கு ஆறு வயது. போன வாரம் பாம்பு ஏணி ஆடும்போது, பாம்பின் தலைமேல் வந்து நின்ற தன் காயை நைசாகப் பக்கத்துக் கட்டத்துக்குத் தள்ளிவிட்டு, "மம்மி, யுவர் டர்ன்" என்றாள். அதட்டுவதா, பார்க்காததுபோல் இருப்பதா என்று தெரியாமல் நானும் பகடையை உருட்டிவிட்டேன். அன்றிலிருந்து மனசு சரியில்லை. குழந்தை வளர்ப்பைப் பற்றிப் போனில் வருவதையெல்லாம் படிக்கிறேன். ஒன்று கண்டிக்கச் சொல்கிறது, இன்னொன்று கூடவே கூடாது என்கிறது. நல்ல குணத்தை எப்படித்தான் சொல்லிக்கொடுப்பது என்று யோசிக்கும்போதெல்லாம் அம்மா கேரம் ஆடிய அந்தச் சாயங்காலம் வந்து நிற்கிறது.

அப்போது நாங்கள் தெலுங்கு பேசும் ஊரில், காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். காலனி ஆண்டு விழாவில் பெண்களுக்குக் கேரம் போட்டி வைப்பார்கள். வருஷா வருஷம் அம்மா இறுதி ஆட்டம் வரைக்கும் போவாள். எதிர்வீட்டுத் தெலுங்கு ஆன்ட்டியிடம் தோற்றுவிட்டு வருவாள். கடைசி நேரத்தில் தமிழ் வதினாவுக்கு, அதாவது தமிழ் அண்ணியான அம்மாவுக்கு, கை நடுங்கிவிடும் என்று காலனியில் ஒரு பேச்சு இருந்தது. அது அம்மாவின் காதுக்கும் எட்டியிருந்தது. அந்த வருஷம் மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டு, பலகையில் பவுடரைத் தூவி, தனியாகவே இரண்டு பக்கமும் ஆடிப் பழகினாள். எங்களுக்குச் சாதம் இரண்டு முறை அடிப்பிடித்தது. கோப்பை வேண்டும் என்று அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

இறுதி ஆட்டத்தன்று ஹாலில் நிற்க இடமில்லை. ஆன்ட்டிக்கு இரண்டு கருப்புக் காய்கள் மிச்சம். அம்மாவுக்கு ஒரே ஒரு வெள்ளை, அதுவும் குழியின் வாயிலேயே நின்றது. லேசாகத் தட்டினால் போதும். அண்ணன் கத்துவதற்குத் தயாராக நாற்காலிமேல் ஏறிவிட்டான். ஸ்ட்ரைக்கரை வைக்கப் போன அம்மா சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

"வளையல் பட்டுக் கருப்புக் காய் நகர்ந்துடுச்சு. ஃபவுல்."

நடுவராக உட்கார்ந்திருந்த செக்ரட்டரி அங்கிள் டீ கிளாஸிலிருந்து நிமிர்ந்து, "நை லகா மேடம், கேலோ ஆப்" என்று, படவே இல்லை, ஆடுங்கள் என்பதுபோல் இந்தியில் சொன்னார். ஆன்ட்டியும் தான் ஒன்றும் பார்க்கவில்லையே என்று சிரித்தாள். "பரவாலேது வதினா, ஆடண்டி."

"கைக்கும்மா? ஏம்மா?" என்று அண்ணன் நாற்காலிமேலிருந்து அலறினான். "யாருமே பாக்கல!"

"நான் பாத்தேனேடா."

கேஸை அணைத்தோமா, பாலை மூடினோமா என்று எதற்கும் இரண்டு தடவை யோசிக்கிற அம்மா, இதற்கு யோசிக்கவே இல்லை. ஃபவுலுக்கு அபராதமாகத் தான் ஏற்கெனவே போட்ட வெள்ளைக் காய் ஒன்றை எடுத்துப் பலகையின் நடுவில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது.

ஆன்ட்டி ஒரு கருப்பைப் போட்டாள். அடுத்தது குழியின் விளிம்பில் மோதி நின்றுவிட்டது. அம்மாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுங்கவில்லை. ஸ்ட்ரைக்கர் எதிர்ச் சட்டத்தில் மோதித் திரும்பி வந்து, நடுவில் இருந்த வெள்ளையை அம்மாவின் இடக்கைக் குழிக்குள் தள்ளியது. வாயில் காத்திருந்த கடைசிக் காயை, தூங்கும் குழந்தையைத் தட்டுவதுபோல் தட்டினாள்.

முதலில் விசிலடித்தது தோற்ற ஆன்ட்டிதான். பிறகு ஹாலே கத்தியது. அண்ணன் நாற்காலியோடு விழுந்தான். எல்லோரும் சேர்ந்து அம்மாவைத் தூக்கப் பார்த்தார்கள். புடவையைப் பிடித்துக்கொண்டு அவள் வெட்கப்பட்டுச் சிரித்த சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு காலனியில் பிள்ளைகளின் கிரிக்கெட் சண்டையிலிருந்து தண்ணீர் மோட்டார் தகராறு வரைக்கும் அம்மாவைத்தான் கூப்பிட்டார்கள். நாங்கள் ஆடும் ஆட்டத்துக்கே எதிரணிப் பையன்கள் அவளை நடுவராகக் கேட்டார்கள். அவளும் ஒவ்வொரு தடவையும் தலைசீவிக்கொண்டு உற்சாகமாகக் கிளம்புவாள்.

அன்று கோப்பையை இடுப்பில் குடம்போல் வைத்துக்கொண்டு எங்களோடு வீட்டுக்கு நடந்தாள். அண்ணனுக்குக் கோபம் முழுசாக ஆறவில்லை.

"சரி, தோத்திருந்தா?"

"தோத்திருந்தாலும் நானேதானேடா வீட்டுக்கு வந்திருப்பேன்" என்றாள் அம்மா.

பின்னே வேறு யார் வருவார்களாம் என்று நானும் அண்ணனும் வாசல் வரைக்கும் சிரித்துக்கொண்டே போனோம்.