உபயத்தில் இருந்த என் பெயர்

அமெரிக்காவில் இர்விங் பக்கம் வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். நான் ரியல் எஸ்டேட் ஏஜென்ட். லோனுக்கு எவ்வளவு சேர்க்க வேண்டும், கையில் எவ்வளவு வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவள். அப்படிப்பட்ட நான் அரசாங்கத்துக்கு வரி கட்டாமல் கழுத்தளவு கடனில் கிடந்ததை முருகனடியார்களான உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன். எழுதும்போதே முகம் சுடுகிறது.

கோவிட் ஓய்ந்த சமயம் வீடுகள் சுடச்சுட விற்றன. கமிஷன் முழுசாகக் கைக்கு வந்தது. சம்பளக்காரர்களுக்குப் பிடித்துக்கொள்வது போல எங்களுக்கு யாரும் வரி பிடிப்பதில்லை. நாமே எடுத்து வைத்துக் கட்ட வேண்டும். அது எனக்குத் தெரியாது என்று சொன்னால் சாமி கண்ணைக் குத்தும். அடுத்த வீடு விற்றதும் கட்டிக்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். அதற்குள் புதுக் கார் வாங்கினேன். மாதாமாதம் கோயிலில் கிருத்திகை அன்னதானம் எங்கள் உபயம். வாட்ஸ்அப் அழைப்பில் எங்கள் குடும்பப் பெயர் பெரிசாக வரும். அதை ஈரோட்டுச் சொந்தங்களுக்கெல்லாம் அனுப்பி வைப்பேன். அதில் ஒரு குளிர்ச்சி எனக்கு.

பிறகு லோன் வட்டி ஏறியது. வாங்க ஆளில்லை. அதே வருஷம் என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது. அவர் வேலையும் போனது. வட்டி, அபராதம் என்று வரி பாக்கி ஊதிக்கொண்டே போக, வங்கிக் கணக்கை முடக்குவோம் என்று வரித்துறையிலிருந்து எழுதிவிட்டார்கள். அன்று பூஜை அறையில் விழுந்து அழுதேன். என்ன வேண்டினேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

"முருகா, கடனைக் கொறச்சுக் குடு. கொறைக்காட்டியும் பரவால்ல, கோயில்ல யாருக்கும் தெரியாம மட்டும் பாத்துக்க."

புருஷன் எழுந்து உட்கார முடியாமல் கிடக்கும்போது எனக்கு அதுதான் பெரிசாக இருந்திருக்கிறது. தூ!

வரி ஆலோசகரைப் பார்க்க வேண்டியிருந்தது. நம்மவர் யாரும் கண்ணில் படக்கூடாது என்று ஃபோர்ட் வொர்த் வரைக்கும் போய் ஒரு அமெரிக்கப் பெண்மணியைப் பிடித்தேன். முழுக் கடனையும் கட்ட வழியே இல்லை என்று காட்டினால், முடிந்ததை வாங்கிக்கொண்டு மீதியை விட்டுவிடும்படி கேட்கலாம் என்றார். எங்கள் வீட்டுச் செலவை ஒவ்வொன்றாகக் கேட்டார். வாடகை, மருந்து, பிஸியோதெரபி என்று சொல்லி வந்து அன்னதானத்தையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் தானம் செய்வதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், முதலில் அதை நிறுத்துங்கள் என்றார்.

கோயில் சமையலறையில் அன்னதானப் பொறுப்பு நடராஜன் அங்கிளுடையது. அவரிடம் போய் நின்றேன்.

"அங்கிள், இனிமே எங்க உபயம் வேண்டாங்க."

"ஏம்மா, ஊருக்குப் போறீங்களா?"

ஆமாம் என்ற பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதற்குள் அழுகை முந்திக்கொண்டது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அங்கிள் கையைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "இவ்வளவுதானேம்மா? பணம் நான் போட்டுடறேன். பேரு உங்க பேரே இருக்கட்டும். யாருக்கும் தெரிய வேண்டாம்."

நான் வேண்டியது அப்படியே கைக்கு வந்துவிட்டது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அடுத்தவர் காசில் சோறு, அதில் என் பெயர். இத்தனை நாளும் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்? கட்ட வேண்டிய வரியில் அன்னதானம் போட்டுவிட்டு, புண்ணியத்தை என் பெயரில் எழுதிக்கொண்டவள் நான். நின்ற இடத்திலேயே கூசிப்போனேன்.

"பேரை எடுத்துடுங்க அங்கிள். கேக்கறவங்ககிட்ட காரணத்தையும் சொல்லிடுங்க."

எல்லோருக்கும் தெரிந்தது. பார்க்கிங்கில் என்னைக் கண்டதும் சிலர் பேச்சை நிறுத்தினார்கள். நான் வீடு வாங்கிக் கொடுத்த பையன் ஒருவன், "எங்களுக்கு அட்வைஸ் பண்ணது நீங்கதானே ஆன்ட்டி?" என்று கேட்டே விட்டான். வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் அழுதேன்.

காரை விற்றேன். விண்ணப்பம் போனது. அந்தக் கணக்கைக் கொடு, இந்த ரசீதைக் கொடு என்று மாதக்கணக்கில் இழுத்தார்கள். கடைசியில் முருகன் மனமிரங்கினான். கடனில் சிறு பங்கைக் கட்டினால் போதும், இனி ஐந்து வருஷம் வரியில் தவறக்கூடாது, தவறினால் பழைய கடன் திரும்ப வரும் என்றார்கள். கார் விற்ற பணத்தை அப்படியே கட்டினேன்.

இப்போது எந்தக் கமிஷன் வந்தாலும் வரியைத் தனியாக எடுத்து வைத்த பிறகுதான் சாமிக்கே விளக்கேற்றுகிறேன். கிருத்திகைக்குப் பாத்திரம் தேய்க்கப் போகிறேன். என் கணவர் இடது கையால் இலை போடுகிறார். வெட்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

உங்களில் யாராவது இப்படி மாட்டிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் காப்பாற்று என்று வேண்டிக்கொண்டிருந்தால், தயவுசெய்து வேண்டுதலை மாற்றுங்கள். நம்பிக் கேட்டால் அவன் கொடுத்துவிடுவான். நடராஜன் அங்கிள் வாயால் எனக்கும் கொடுக்கத்தான் வந்தான். வேண்டாம் என்று சொல்லும் தெம்பையும் சேர்த்துக் கொடுத்தானே, அதனால் பிழைத்தேன்.