முதுகு காட்டி நின்றவர்கள்

எண்பதுகளின் நடுவில், நாங்கள் குடியேறியிருந்த வெளிநாட்டு நகரத்தின் மவுண்ட் ஆல்பர்ட் பகுதியில், ஒரு தேவாலய மண்டபத்தில் ஆண்டுதோறும் கூடுவோம். கொழும்பில் தமிழருக்கு எதிராக நடந்த ஆடிக் கலவரத்தில் இறந்தவர்களையும், உரிமை கேட்டுச் சிறையில் மடிந்தவர்களையும் நினைவுகூர. படமெடுப்பது என் பொறுப்பு. பகலில் பென்ரோஸ் பகுதியில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவளிடம் ஒரு பழைய கமெரா இருந்ததால் வந்த பதவி. வேறு யாரும் போட்டிக்கு வரவில்லை.

எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “அக்கா, முகம் விழாமல் எடுங்கோ.” படம் எப்படியாவது கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தால், அங்கே இருக்கும் தாய் தகப்பனின் வாசலில் இராணுவ ஜீப் வந்து நிற்கும் என்ற பயம். நியாயமான பயம். ஆகவே எல்லோருக்கும் பின்னால் நின்று முதுகுகளை எடுத்தேன். எந்தக் கோட்டு யாருடையது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்.

ஒரு வருடம் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று எங்களைப் பற்றி எழுத ஒப்புக்கொண்டது. அதன் ஆசிரியர் என் படங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒரு முகமாவது இல்லாவிட்டால் போடமாட்டேன் என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் அந்த மனிதர் சொன்னதில் நியாயம் இருந்தது. முகம் கிடைக்காவிட்டால் அங்கே நடந்தது இந்த ஊருக்குத் தெரியாமலே போய்விடும். கிடைத்தால் யாரோ ஒருவரின் வீட்டுக்கு ஆபத்து.

அந்த வருடக் கூட்டத்துக்கு, நிலவுரிமைக்காகப் போராடிய, இந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிக் குடும்பங்களும், நிறவெறிக்கு எதிராக ஊர்வலம் போன வெள்ளைக்காரர் சிலரும் வந்திருந்தார்கள். விளக்கேற்றி மௌனம் தொடங்கியது. ஒருவராவது சம்மதிக்கக்கூடும் என்ற நப்பாசையில் கமெராவோடு முன்னால் போனேன். எங்கள் ஆட்கள் சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பினார்கள். விருந்தாளிகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தமிழரின் துக்கச் சடங்கு இதுதான் போலும் என்று நினைத்து, அவர்களும் பயபக்தியோடு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு ஏனோ கண் நிறைந்துவிட்டது. காரணம் தெரியாமலே எங்களோடு திரும்பி நின்ற அந்த நல்ல மனிதர்களை இப்போது நினைத்தாலும் நெஞ்சு குளிர்கிறது.

ஒரு அம்மா மட்டும் திரும்பவில்லை. கணவரையும் மகனையும் கலவரத்தில் பறிகொடுத்துவிட்டு, மாசி என்ற புறநகரில் இருந்த மகள் வீட்டுக்குப் புதிதாக வந்து சேர்ந்தவர். மௌனம் முடிந்ததும் என்னிடம் வந்தார்.

“உனக்கு ஒரு முகம் வேணுமாம் எண்டு மகள் சொன்னவள்.”

“ஓம் அம்மா. ஆனா நீங்கள் வேண்டாம். அங்கை உங்கடை ஆக்களுக்கு ஏதும்…”

“அங்கை ஆர் இருக்கினம்?” சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டார். “வடிவா எடு.”

எடுத்தேன். பத்திரிகையிலும் வந்தது. அதை வாசித்துவிட்டு, அடுத்த கூட்டத்துக்கு முன்பின் தெரியாதவர்கள் எத்தனையோ பேர் வந்தார்கள்.

படம் வந்த அன்றே பத்திரிகையை எடுத்துக்கொண்டு மாசிக்கு, அந்த அம்மாவிடம் ஓடினேன். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் முகத்தை நெடுநேரம் பார்த்தார்.

“அவையள் ரெண்டு பேரும் இருந்திருந்தால், நானும் திரும்பித்தான் நிண்டிருப்பன், பிள்ளை.”