ஆறாம் நாள் குடித்த சர்பத்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, கந்தசஷ்டியின் கடைசி நாள் பின்னேரம், எங்கள் பக்கத்து ஊர் முருகன் கோயில் வீதியில் நடந்தது இது. நான் உடுவிலில் இருக்கிறேன். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சீனி வருத்தம் வந்து பன்னிரண்டு வருடம். காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போடுகிறேன். என் கணவர் இதே வருத்தத்தில்தான் போய்ச் சேர்ந்தார். அதனால் கனடாவில் இருக்கும் என் ஒரே மகனுக்கு என்னை நினைத்து எப்போதும் பயம். ஒருமுறை ஊருக்கு வந்தபோது ஒரு பொருளைக் கொண்டுவந்து என் மேற்கையில் ஒட்டிவிட்டான். ஐந்து ரூபாய் நாணயக் குற்றியை விடக் கொஞ்சம் பெரிய வெள்ளை வட்டம். விரலில் குத்தி இரத்தம் எடுக்கிற வேலை அதோடு முடிந்தது. உடம்பில் சீனி எவ்வளவு என்று அது பார்த்து என் போனுக்குச் சொல்லும். என் போன் கனடாவில் மகனுடைய போனுக்குச் சொல்லும்.

நல்ல பொருள்தான். ஆனால் எனக்கோ வீட்டுக்குள் ஒரு பொலிஸ்காரனை வைத்திருப்பது போல இருந்தது. சுன்னாகம் சந்தைக்குப் போன இடத்தில் ஒரு துண்டு தொதல் இனிப்பை வாயில் போட்டால், வீடு வந்து சேரமுன் போன் அடிக்கும்.

"அம்மா, என்ன சாப்பிட்டனீங்கள்?"

"ஒண்டுமில்லையடா தம்பி."

"பொய் சொல்லாதேங்கோ. இஞ்சை கோடு ஏறிக்கொண்டு போகுது."

மகன் கலியாணம் கட்டி ஏழு வருடம். மருமகளுக்கு இரண்டு தரம் கருத் தங்கி, இரண்டு தரமும் கலைந்துபோனது. அந்தப் பிள்ளை போனில் என்னோடு கதைக்கும்போது சிரித்துக்கொண்டுதான் கதைக்கும். அந்தச் சிரிப்பைக் கேட்கத்தான் எனக்குத் தாங்காது. அந்த வருடம் முருகனிடம் நேர்ந்துகொண்டேன்: ஆறு நாளும் விரதம் இருப்பேன், கடைசி நாள் தண்ணீரும் இல்லாமல் இருப்பேன், என் பிள்ளைக்கு ஒரு பிள்ளையைக் கொடு.

மகனிடம் சொன்னால் விடமாட்டான். கிளினிக்கில் டொக்டரிடம் சொன்னால் ஏசுவார். ஒருவருக்கும் சொல்லாமல் கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டேன். பகலில் ஒன்றுமில்லை. மாலைப் பூசை முடிந்த பிறகு பாலும் பழமும். ஊசியை நானே என் மனக்கணக்கில் பாதியாக்கிக்கொண்டேன். மகன் கேட்டபோதெல்லாம் புட்டு என்றும் இடியப்பம் என்றும் சொன்னேன். விரதத்தில் இருந்துகொண்டு வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

ஐந்தாம் நாள் மாலை களை தாங்காமல் வாழைப்பழம் கொஞ்சம் கூடச் சாப்பிட்டுவிட்டேன். ஆறாம் நாள் காலையில் போன் வந்தது. "அம்மா, சீனி நல்லாய்க் கூடிக் கிடக்கு. ஊசி போட்டனீங்களே, இல்லையே?"

எங்கே பிடிபட்டுவிடுவேனோ என்ற அந்தரத்தில், "இப்ப போடுறன்" என்று சொல்லி முழு ஊசியையும் போட்டேன். அதன் பிறகு நேர்த்தியின்படி ஒரு சொட்டுத் தண்ணீரும் வாயில் படவில்லை. சாப்பாடு இல்லாமல் முழு ஊசி போட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். கிளினிக்கில் நூறு தரம் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு ஒரு நாள்தானே, முருகன் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

கோயிலுக்குப் புறப்படும்போது, சுவாமிக்கு முன்னால் போன் கத்தக்கூடாது என்று பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்து எல்லாச் சத்தத்தையும் நிற்பாட்டச் சொன்னேன். பிறகு அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

சூரன்போர் தொடங்கும்போது நாலு மணி இருக்கும். வீதி முழுக்கச் சனம். தவிலும் பறையும் காதைப் பிளந்தன. சூரனின் உருவத்தைத் தோளில் தூக்கியவர்கள் அங்குமிங்கும் ஓடினார்கள். சூரனின் ஆனைமுகத் தலை விழுந்தது. அந்த நேரத்தில்தான் எனக்குக் கை நடுங்கத் தொடங்கியது. பிறகு முழு உடம்பும் நடுங்கியது. சீலை ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வேர்த்தது. முருகனுடைய முகம் இரண்டாகத் தெரிந்தது. கண்ணில் நீர் தானாக ஓடியது.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? முருகன் எனக்கு இரங்கிவிட்டார் என்று நினைத்தேன். அருள் வந்து ஆடுவதை எங்கள் பக்கம் கலை வருவது என்பார்கள். எனக்கு என் வாழ்நாளில் அப்படி வந்ததில்லை. அன்றைக்கு வருகிறது என்று நினைத்து அழுதேன். பக்கத்தில் நின்ற சனமும் அப்படித்தான் நினைத்தது.

"அம்மாவுக்குக் கலை வந்திட்டுது, விலகுங்கோ விலகுங்கோ!" என்று ஒருவர் கத்தினார். இன்னொருவர் என் நெற்றி நிறைய விபூதி பூசினார். சிலர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நான் ஆடிக்கொண்டு நின்றேன். சந்தோசமாகத்தான் இருந்தது.

திடீரென்று தவில் நின்றது. ஒலிபெருக்கியில் ஒருவர் பேசினார்.

"அன்பான அடியார்களே, ஒரு அவசர அறிவித்தல். உடுவிலில் இருந்து வருகை தந்திருக்கும்..." என்று என் பெயரையும் கணவரின் பெயரையும் சொன்னார். "அம்மா அவர்களுக்குச் சீனி மிகவும் குறைந்துகொண்டு போவதாகக் கனடாவிலிருந்து மகன் அறியத் தந்துள்ளார். அம்மா உடனடியாக இனிப்பாக ஏதாவது அருந்தவும்."

சனம் சிரித்தது. சிங்கமுகத்தோடு நின்ற சூரனும் என்னுடைய சீனிக்காகக் கொஞ்ச நேரம் காத்துக்கொண்டு நின்றான். ஒலிபெருக்கிக்காரர் அறிவித்தல் தமிழை விட்டுவிட்டு மறுபடியும் சொன்னார்: "அம்மா, பகிடி இல்லை. மகன் போனிலை நிண்டு அழுறார். பக்கத்திலை நிக்கிற ஆக்கள் ஆரும் பாருங்கோ."

பிறகுதான் தெரிந்தது. கனடாவில் அப்போது விடியற்காலை. மகன் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டு இருந்தபோது அவனுடைய போன் கத்தியிருக்கிறது. எனக்குப் பதினாலு தரம் அடித்துப் பார்த்திருக்கிறான். கோயில்காரர் சூரன்போரை முகநூலில் நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா அங்கேதான் நிற்பா என்று நினைத்து, திரையில் ஓடிய கோயில் போன் இலக்கத்துக்கு எடுத்துக் கெஞ்சியிருக்கிறான்.

எனக்கு ஒரே வெட்கம். அதோடு கோபம். கலை என்று நினைத்தது சீனிக் குறைவா? அந்த மயக்கத்திலும் ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது: சூரன் விழ இன்னும் ஒரு மணித்தியாலம்தான், அதோடு விரதம் முடியும். இப்போது வாயில் ஏதாவது பட்டால் என் நேர்த்தி முறிந்துவிடும், அந்தப் பிள்ளைக்குப் பிள்ளை இல்லாமல் போய்விடும். கால் மடிந்து மணலில் இருந்துவிட்டேன். வாயை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டேன்.

நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் சனத்தை விலக்கிக்கொண்டு வந்து என் முன்னால் குந்தினாள். கையில் தாகசாந்திப் பந்தலில் வாங்கிய ஒரு பேணி சர்பத்.

"அக்கா, குடியுங்கோ."

"வேண்டாம் தங்கச்சி. விரதம். மகனுக்குப் பிள்ளை கேட்டு..."

"உங்கடை மகன் அங்கை அம்மாவைக் கேட்டெல்லோ அழுறார்."

நான் தலையை ஆட்டினேன். அவள் பேணியை என் வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்தாள். பேணியைப் பிடித்த கையில் காப்பு நூலைக் கண்டேன். அவளும் ஆறு நாள் விரதம். உதடு வெடித்துக் காய்ந்து கிடந்தது.

"சரி அக்கா, பாருங்கோ" என்றாள். பேணியைத் தூக்கி அண்ணாந்து ஒரு மிடறு குடித்தாள். தொண்டையில் அது இறங்குவது எனக்குத் தெரிந்தது.

"ஐயோ பிள்ளை, என்ன செய்தனீர்!" என்று என்னையறியாமல் கத்திவிட்டேன்.

"என்ரையும் முறிஞ்சுது. இனி நீங்களும் குடியுங்கோ. முருகன் கோவிக்கிறதெண்டால் ரெண்டு பேரிலையும் சேர்த்துக் கோவிக்கட்டும்."

வாயைத் திறந்தேன். அவள் என் தலையைத் தன் மடியில் சாய்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினாள். என் கைப்பையிலிருந்து போனை எடுத்து வாசித்துச் சொன்னாள்: "நாப்பத்தெட்டு அக்கா." இன்னும் ஒரு பேணி எடுப்பித்துத் தந்தாள். தவில் திரும்பத் தொடங்கியது. சூரன் மாமரமாகி நின்றபோது, "எழுபத்தைஞ்சு. இனிப் பயமில்லை" என்றாள்.

"உமக்கு என்ன நேர்த்தி பிள்ளை?" என்று கேட்டேன்.

"அதை அவரிட்டைச் சொல்லியாச்சு அக்கா" என்று மட்டும் சொன்னாள். கோபுரப் பக்கம் ஒருதரம் பார்த்துக் கண்ணைத் துடைத்தாள்.

அப்போது போன் மினுங்கியது. மகன். ஏசப்போகிறான் என்று நினைத்துத்தான் எடுத்தேன். அவன் ஏசவில்லை. "எனக்குப் பிள்ளை வேணுமெண்டு உங்களை ஆரம்மா சாகச் சொன்னது?" என்றான். அவன் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. கதைத்து முடித்துத் திரும்பிப் பார்த்தபோது அந்தப் பெண்ணைக் காணவில்லை. சூரன் விழுந்து, சனம் கலைந்துகொண்டிருந்தது. பெயரும் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை. அடுத்த வெள்ளியும் அதற்கடுத்த வெள்ளியும் போய் நின்று பார்த்தேன். கிடைக்கவில்லை.

கிளினிக்கில் டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "விரதம் பிடிக்க வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை அம்மா. பிடிக்கப்போறன் எண்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கோ. ஊசியையும் சாப்பாட்டையும் நாங்கள் யோசிச்சுச் செய்யலாம்" என்றார். இவ்வளவு இலகுவான ஒன்றைச் சொல்லாமல் ஒளித்துத்தானே நான் சாகப் பார்த்தேன். இப்போது மகனுக்கும் ஒளிப்பதில்லை. தொதல் சாப்பிட்டால் நானே எடுத்துச் சொல்லிவிடுகிறேன்.

மகனுக்கு இன்னும் பிள்ளை கிடைக்கவில்லை. விரதம் முறிந்ததால்தான் என்று நான் ஒரு நாளும் நினைக்கவில்லை. முருகன் அப்படிப்பட்டவர் இல்லை என்பதை அந்த ஒரு மிடறு எனக்குக் காட்டிவிட்டது. கையில் ஒட்டிய பொருள் என் சீனியை அறிந்தது, கடல் தாண்டி மகனுக்கும் சொன்னது. ஆனாலும் என் வாயைத் திறக்க வைக்க, தன் ஆறு நாள் தவத்தை விட்டுக்கொடுக்க ஒரு மனுசி தேவைப்பட்டாள். இப்போதெல்லாம் சந்நிதியில் கண்ணை மூடினால் முதலில் அவளுடைய நேர்த்தியைத்தான் கேட்கிறேன், என்னுடையதைப் பிறகுதான். அது என்ன நேர்த்தி என்று எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும்.