மாப்பிள்ளைக்கு முதல் பாட்டு

எங்கள் ஊர் சடுகுடுக் கட்சி என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்ட மாதிரி வேறு யாரும் கொட்டிக்கொண்டதில்லை. ராஜபாளையம் கடைவீதியில் எனக்குக் கயிற்றுக் கடை. தை பிறந்துவிட்டால் உடம்பு கடையில் இருக்கும், மனசு ஆடுகளத்தில் கிடக்கும். இத்தனைக்கும் நான் ஒரு நாளும் நடுக்கோட்டைத் தாண்டி ஆடினவன் இல்லை. நாலடி ஓடினால் எனக்கு இளைக்கும். ஆனால் யாரை இறக்க வேண்டும், யாரை உட்கார வைக்க வேண்டும் என்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நானே சொல்லிக்கொள்வேன். வேறு யாரும் சொல்லவில்லை, அதனால்தான்.

அப்போது எங்கள் பக்கம் ரயில் வரவில்லை. காணும் பொங்கலன்று வண்டி கட்டிக்கொண்டு ஒரு வருடம் நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போவோம், மறு வருடம் அவர்கள் இங்கே வருவார்கள். ஜெயித்த கட்சிக்கு ஓர் ஆட்டுக்கிடா, தலைவருக்குத் தலையில் கட்ட ஓர் உருமால். கிடா போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். அடுத்த தை வரைக்கும் கிணற்றில் தண்ணீர் இறைக்கக் கமலைக் கயிறு வாங்க வருகிற ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன் ஒவ்வொருவனும், "அந்தக் கெடா இருக்கே, எலும்பெல்லாம் பஞ்சுய்யா" என்று சொல்லிவிட்டுத்தான் விலை கேட்பான். அதைத்தான் என்னால் தாங்க முடியாது. நாங்கள் தொடர்ந்து தோற்றுக்கொண்டே வந்தோம்.

தோற்றதற்குக் காரணம் ஒரே ஆள். எங்கள் கட்சித் தலைவர். என் கடைக்கு எதிரே ஜவுளிக்கடை வைத்திருந்த முஸ்லிம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணாச்சி என்பேன், அவர் என்னை ஏலே என்பார். ஆளைப் பிடித்தால் உடும்புப்பிடி. தங்கமான மனுசன். தங்கத்தை வைத்துக்கொண்டு சடுகுடு ஆட முடியுமா? அதுதான் என் சண்டை.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. அந்த வருடம் ஊருக்குள் பெண்ணெடுத்துத் தலைப்பொங்கலுக்கு வந்திருக்கிற புது மாப்பிள்ளையை ஆட்டத்தில் இறக்குவார்கள். முதல் பாட்டு, அதாவது எதிர்க் கட்சிக்குள் முதலில் பாடிப் போகிற மரியாதை, அவருக்குத்தான். அந்த ஒரு பாட்டில் மட்டும் எதிரிகள் அவரைப் பிடிக்க மாட்டார்கள். அதன் பிறகு தயவு தாட்சண்யம் கிடையாது. பொங்கலும் வடையும் நெய்யும் தின்று தின்று நடக்கவே முடியாமல் இருக்கிற மனிதர் களத்தில் என்ன செய்வார்? இரண்டாவது பாட்டிலேயே பிடிபட்டு வெளியே வந்து உட்காருவார். இதில் கொடுமை என்னவென்றால், மாப்பிள்ளைக்கு இடம் விட்டு, கட்சியில் வயதில் இளையவன் எவனோ அவன் விலகிக்கொள்ள வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கும் மாப்பிள்ளைகள் உண்டு. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? களத்தின் ஓரத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, மாப்பிள்ளையை உட்கார வைத்து, கழுத்தில் மாலை, கையில் இளநீர், தலைக்கு மேல் குடை. மரியாதைக்கு மரியாதையும் ஆச்சு, களத்தில் நல்ல ஆட்டக்காரனும் ஆச்சு. மூளை என்றால் அது மூளை.

"அண்ணாச்சி, நாமளும் ஒரு நாக்காலி போடுவோம். நாக்காலிக்கு நான் பொறுப்பு" என்று வருடா வருடம் நடையாய் நடந்து கேட்பேன். அவர் துணியை மடித்துக்கொண்டே சொல்வார்: "வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைய வேடிக்க பாக்க வைக்கச் சொல்லுதியாலே?"

அவரே அப்படி வந்தவர்தான். செட்டியார்பட்டியிலிருந்து எங்கள் ஊரில் பெண்ணெடுத்து, மாமியார் வீட்டுக்கு விருந்துக்கு வந்த இடத்தில் காணும் பொங்கல். அன்றைய தலைவர் சட்டையைக் கழற்றச் சொல்லி இறக்கிவிட்டாராம். இரண்டாவது பாட்டில் போன வேகத்தில் பிடிபட்டாராம். "பிடிபட்டா என்னலே? மறுநாக் காலையில கடைவீதிக்குப் போனேன். அம்புட்டுப் பேரும் வாங்க மாப்பிள்ளன்னாங்க. எனக்கு இந்த ஊரு அன்னைக்குத்தாம்லே ஊராச்சு" என்பார். இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

இப்படித் தோற்றுக்கொண்டே இருந்தால் ஊர் சும்மா இருக்குமா? ஒரு மார்கழியில் ஊர்ப் பெரியவர்கள் அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். இந்தத் தையும் தோற்றால் கட்சித் தலைமையை ஊரில் வண்டிப்பேட்டை வைத்திருந்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் கோபப்படவில்லை. சரிங்க என்று வந்துவிட்டார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. அந்த மனிதரை நான் ஒருவன் திட்டலாம், ஊர் எப்படி விலக்கலாம்?

அந்த வருடம் எங்களிடம் ஒரு பையன் கிடைத்திருந்தான். தெலுங்கு பேசுகிற வீட்டுப் பிள்ளை. பாடிப் போனால் தெலுங்கில்தான் பாடுவான். எதிரி என்ன ஏது என்று காதைத் தீட்டுவதற்குள் தொட்டுவிட்டுத் திரும்பியிருப்பான். அவன் ஒருவன் போதும், கிடா எங்கள் வண்டியில்தான். ஆனால் கட்சியில் அவன்தான் இளையவன். மாப்பிள்ளை வந்தால் அவன் வெளியே.

மாப்பிள்ளையும் வந்தார். என் சொந்தத் தங்கையின் புருஷன்.

தேவதானத்தில் கிணற்றுப் பாசனத் தோட்டக்காரர் வீடு. கமலைக் கயிறு வாங்க வந்த பழக்கத்தில் நானே பேசி முடித்த சம்பந்தம். கட்டுமஸ்தான ஆள். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச மாட்டார். ஆட்டத்துக்கு முதல் நாள் அவர் காதில் விழாதபடி ஜவுளிக்கடைக்குப் போனேன்.

"அண்ணாச்சி, எங்க வீட்டு மாப்பிள்ளதான். நானே சொல்லுதேன், ஒக்கார வைங்க. அவருக்குச் சடுகுடு தெரியாது. தோத்தா உங்களுக்குக் கட்சி போயிரும்."

"உனக்குத்தாம்லே அவரு தங்கச்சி மாப்பிள்ள. எனக்கு ஊரு மாப்பிள்ள. நீ யாரு ஒக்கார வைக்க?"

"நாசமாப் போங்க!"

அந்தப் பொங்கல் நோன்பு மாதத்தில் வந்திருந்தது. நோன்பு வாயால் யாரையும் வையக்கூடாது என்பதில் அவர் கண்டிப்பு. அது தெரிந்து நான் இஷ்டத்துக்கு வைதேன். அவர் சிரித்துக்கொண்டே துணி மடித்தார்.

நான் கேட்டது எப்படியோ வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. தங்கை சோற்றுத் தட்டை என் முன்னால் நங்கென்று வைத்தாள். "எம்புருசனுக்கு என்ன கொறச்சல்னு நாக்காலியில ஒக்கார வைக்கச் சொன்ன?" என்றாள். அதோடு பேச்சு நின்றது. மறுநாள் அம்மாவோடு கூண்டு வண்டியில் ஏறும்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஊருக்கு வெளியே, கோபுரம் தெரிகிற ஒரு பொட்டல்தான் களம். தெலுங்கு வீட்டுப் பையன் சட்டையைக் கழற்றாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். எங்கள் மாப்பிள்ளை நடுக்கோட்டில் நின்றார். பாட வாயைத் திறந்தார். சடுகுடுவும் வரவில்லை, பலிஞ்சடுகுடுவும் வரவில்லை. மாடு கட்டிக் கமலை இறைக்கும்போது, தண்ணீர் மொண்டு வருகிற சாலை எண்ணிப் பாடுவார்களே, அந்தப் பாட்டு வந்தது.

பொட்டலே சிரித்தது. நான் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டேன். ஆனால் பாட்டு முடியவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து சால் மேலே வந்து தொட்டியில் தண்ணீரைக் கொட்டுகிற வரைக்கும் எத்தனை நேரமோ, அத்தனை நேரமும் ஒரே மூச்சு. மாட்டோடு போய் மாட்டோடு வருகிற நிதானத்தில் உள்ளே போனார், பின்னோக்கியே நடந்து திரும்பி வந்தார். சிரித்தவர்கள் வாயை மூடினார்கள். அண்ணாச்சி என் பக்கம் திரும்பிப் புருவத்தைத் தூக்கினார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அன்றைக்கு ஆட்டம் இழுபறி. நோன்பு வாயோடு நாக்கு உலர்ந்து கிடந்ததால் அண்ணாச்சியால் பாடிப் போக முடியவில்லை. உள்ளே வருகிறவர்களைப் பிடித்துப் போட்டார். மாப்பிள்ளையை எவனாலும் பிடிக்க முடியவில்லை. யாரையும் தொடாமல் வந்தார், ஆனால் வந்துகொண்டிருந்தார். வெயில் சாய்ந்தபோது எங்கள் பக்கம் மிச்சம் இருந்தது அவர்கள் இரண்டு பேர்தான். எதிரிலும் இரண்டு பேர். பாட்டு எங்களுடையது.

எனக்கு ஒரு யோசனை. பொழுது விழ இன்னும் கொஞ்சம்தான். "அண்ணாச்சி, செத்த நேரம் இழுங்க! நோம்பத் தொறந்து தண்ணி குடிச்சிட்டு நீங்களே போங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். இதைவிட நல்ல யோசனையை அந்தப் பொட்டலில் யாரும் சொல்லியிருக்க முடியாது. அவர் காதில் வாங்கினால்தானே? மாப்பிள்ளையின் முதுகில் தட்டி அனுப்பினார்.

மாப்பிள்ளை போனார். பாட்டு எழுந்தது. இந்த முறை கையை நீட்டி ஒருவனைத் தொட்டேவிட்டார். இன்னொருவன் காலைக் கட்டிக்கொண்டான். தொடப்பட்டவனும் பாய்ந்து இடுப்பைப் பிடித்தான். இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு, பாடிக்கொண்டே, நடுக்கோட்டை நோக்கி வந்தார். கூண்டு வண்டியிலிருந்து என் தங்கை இறங்கிவிட்டாள். நானும் எழுந்துவிட்டேன். கோட்டைத் தொட்டால் இரண்டு பேரும் காலி, கிடா எங்களுக்கு, கட்சி அண்ணாச்சிக்கு. கை நீட்டினால் கோடு.

அங்கே பாட்டை நிறுத்தி மூச்சு வாங்கினார்.

மூச்சுத் தீரவில்லை. அந்த நெஞ்சில் இன்னொரு சாலுக்கு மூச்சு இருந்தது. பாட்டுதான் முடிந்துவிட்டது. சால் மேலே வந்து கொட்டிவிட்டால் பாட்டை முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த சாலைத் தொடங்குவது கமலைக்காரர்கள் பழக்கம். சிறு வயதிலிருந்து செய்த பழக்கம், கோடு ஒரு முழத்தில் இருக்கிறது என்று பார்க்குமா? பொட்டலில் பாதிப் பேருக்கு என்ன நடந்தது என்றே விளங்கவில்லை. கமலைக் கயிறு விற்கிற எனக்கு விளங்கியது.

அதற்குப் பிறகு அண்ணாச்சி ஒற்றை ஆள். உள்ளே வந்தவனைப் பிடிக்கத்தான் செய்தார். காலை முதல் பச்சைத் தண்ணீர் படாத உடம்பு, வழுகிவிட்டான். தோற்றோம்.

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு மண்ணிலேயே உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். "சாலு நெறஞ்சிருச்சு, ஊத்திட்டீக. தோட்டக்காரரு வேற என்ன செய்வாரு?" என்று சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அவருக்கும் விளங்கியிருந்தது. மாப்பிள்ளையும் சிரித்துவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் மாப்பிள்ளைக்கென்று இளநீர் சீவிக்கொண்டு வந்தார்கள். அவர் அதை அப்படியே அண்ணாச்சி கையில் கொடுத்துவிட்டு, பொழுது விழுகிறதா என்று மேற்கு மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சூரியன் இறங்கியதும் அண்ணாச்சி அந்த இளநீரில்தான் நோன்பு திறந்தார். அதைப் பார்த்த பிறகு என் தங்கை என்னிடம் பேசினாள். "வண்டியக் கட்டச் சொல்லு" என்றாள், அவ்வளவுதான். அது போதும் எனக்கு.

இன்றைக்கும் சொல்வேன், அந்தத் தெலுங்கு வீட்டுப் பையனை இறக்கியிருந்தால் ஜெயித்திருப்போம். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

சொன்னபடி கட்சி வண்டிப்பேட்டைக்காரரிடம் போயிற்று. கடையைச் சாத்திவிட்டு அண்ணாச்சியோடு சண்டை போட எனக்குக் காரணமே இல்லாமல் போனது. ஒரு வருடம் மொட்டையாகப் போயிற்று.

மறு வருட ஆட்டம் எங்கள் ஊரில். புதுத் தலைவர் கெட்டிக்காரர். களத்தோரம் ஒரு நாற்காலி, குடை, மாலை. அதில் வ. புதுப்பட்டியிலிருந்து வந்த மாப்பிள்ளை ஒருவர். களத்தில் தெலுங்கு வீட்டுப் பையன் எதிரிகளைப் பந்தாடிக்கொண்டிருந்தான். போனான், தொட்டான், வந்தான். எதிரில் ஆட்கள் குறைந்துகொண்டே போனார்கள். நான் இத்தனை வருடம் கத்தினது அத்தனையும் என் கண் முன்னால் நடந்தது. கிடாயைக் கட்டக் கயிறுகூட நான்தான் கொண்டு வந்திருந்தேன்.

அண்ணாச்சி என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். அந்த வருடமும் நோன்பு. அவர் களத்தைப் பார்க்கவே இல்லை, நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். அந்த மாப்பிள்ளை மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவன் பாடிப் போகும்போதும் தன்னையறியாமல் கால் பெருவிரலால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தார். சுற்றி இருந்தவர்கள் யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

அண்ணாச்சிக்கு உதடு துடித்தது. கையைப் பிசைந்தார். கடைசியில் என் தோளை அழுத்திப் பிடித்தார், அதே உடும்புப்பிடி.

"ஏலே, நான் நோம்பு. என்னால வாயத் தொறக்க முடியாது. எனக்குஞ் சேத்து நீ வையி."

எழுந்து நின்றேன். "யோவ் வண்டிப்பேட்ட! வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைய வேடிக்க பாக்கவா கூட்டியாந்த? கூறு இருக்கா உனக்கு? எறக்குய்யா அவர!"

ஊரே என்னைத் திரும்பிப் பார்த்தது. புதுத் தலைவர் வாயைப் பிளந்தார். "நீதானய்யா வருசம் பூரா நாக்காலி நாக்காலின்னு கத்துன? அதான் ஜெயிச்சிக்கிட்டு இருக்கோம்ல!"

குனிந்து அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் என் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தார்.

"பத்தாதுலே. இன்னுங் கொஞ்சம் வையி."