எத்தனை கிலோ என்று கேட்டவர்

கண்டியில் நான் வேலை செய்யும் புடவைக் கடையில் ஒரு அம்மாவுக்குச் சல்வார் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தபோது அக்காவின் அழைப்பு வந்தது. "ஒன் மச்சான் போயிட்டாருடா. டீ கேட்டாரு. கொண்டு போறதுக்குள்ள போயிட்டாரு." நான் அந்த அம்மாவிடம், "இந்தக் கலர் உங்களுக்கு எடுப்பா இருக்கும்" என்று சொல்லி முடித்துவிட்டுத்தான் மேசையை விட்டு நகர்ந்தேன். பழக்கம் அப்படி.

அக்காவின் கணவர் தங்கவேல் மச்சானை ஊரில் பலருக்கு அலுவலக லிகிதராக, எழுத்து வேலை பார்த்தவராகத் தெரியும். பெரிய குரல், அதைவிடப் பெரிய தற்பெருமை. எனக்கு அவர் படகுக் கூட்டாளி. அவர் ஓய்வு பெற்றதும் நாங்கள் இருவரும் நீர்கொழும்பிலிருந்து ஒரு பழைய மோட்டார் படகை வாங்கி, தெல்தெனியப் பக்கம் நீர்த்தேக்கத்தில் சனி, ஞாயிறுகளில் ஆட்களை ஏற்றி ஓட்டினோம்.

படகு வந்த முதல் நாள் நாங்கள் இருவர் மட்டும் ஏறினோம், பறந்தது. மறுநாள் ஒரு குடும்பத்தை ஏற்றினோம், முக்கி முனகியது. பெரிய மோட்டார் வாங்கலாம் என்றேன். மச்சான் சிரித்தார். "மோட்டார்ல ஒரு கொறையும் இல்ல மாப்ள. கடல்ல ஒத்த ஆளு ஓட்டுன புரொப்பெல்லர் இது. ஒரு சுத்துக்குப் பதினோரு அங்குலம் தள்ளப் பாக்குது. பாரம் ஏறினா முடியல. ஒம்பது போடுவோம், தள்ளும்." ஒன்பது வந்தது, படகும் எழுந்தது. அன்றிலிருந்து கொட்டகையில் இரண்டும் இருந்தன: ஆள் குறைந்தால் பதினொன்று, நிறைந்தால் ஒன்பது. முழு வேகத்தில் மீட்டர் முள், மோட்டாருக்குச் சொன்ன சுற்றைத் தொட வேண்டும். அதுதான் அவருடைய கணக்கு.

எதை மாட்டுவது என்று முடிவு செய்ய, ஏறுகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி எடை கேட்பார். அங்கேதான் எனக்கு உயிர் போகும். எங்கள் தொழிலில் ஒரு பெண்ணிடம் அளவு கேட்கவே கூடாது. கண்ணால் எடுக்க வேண்டும். எடுத்ததில் ஒரு சைஸ் குறைத்துச் சொல்ல வேண்டும். மச்சானோ கல்யாண வீட்டிலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளையின் அம்மாவிடம், துறை முழுக்கக் கேட்கும்படி, "அம்மா, நீங்க எத்தன கிலோ?" என்றார். மொத்தக் கூட்டமும் அடுத்த படகுக்குப் போய்விட்டது. நான் தலையைத் தூக்கவே இல்லை. "வெக்கம் ஒனக்கும் அந்தம்மாவுக்கும் இருக்கு. மோட்டாருக்கு இல்லயே" என்றார்.

அஸ்தி கரைக்கும் நாளில் படகை நான் ஓட்டினேன். நீர்த்தேக்கத்தின் நடு ஆழத்தில் கரைக்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை. ராகு காலம் தொடங்குமுன் முடிக்கும்படி ஐயர் சொல்லியிருந்தார். மோட்டாரில் பதினொன்று மாட்டியிருந்தது, ஒன்பது கொட்டகையில். அக்காவும் மகனும், மச்சானின் இரண்டு தங்கைமாரும் அவர்கள் வீட்டுக்காரர்களும் துறையில் நின்றார்கள். அழுது வீங்கிய முகங்களைப் பார்த்து எடை கேட்க எனக்கு வாய் வரவில்லை. கண்ணால் எடுத்தேன், கடையில் எடுப்பது போலவே எல்லோரையும் குறைத்தே எடுத்தேன். பதினொன்றே போதும் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு ஏறச் சொன்னேன்.

எதிர்க்காற்று. மோட்டார் இரைந்தது, முள் பாதியைத் தாண்டவில்லை, படகு ஊர்ந்தது. கொஞ்ச தூரத்தில் சூடேறிச் சத்தம் போட்டது, நிறுத்த வேண்டியதாயிற்று.

"ஏன்டா போக மாட்டேங்குது?" என்றாள் அக்கா.

"பாரம் கூடக்கா. மத்தத மாட்டியிருக்கணும்."

"யாரயும் கேக்கலயா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவள் கலசத்தை மடியில் இறுக்கிக்கொண்டு, "நான் எழுவத்தி நாலு" என்றாள், தண்ணீரைப் பார்த்தபடி. தங்கைமாரும் ஒவ்வொருவராகத் தங்கள் எடையைச் சொன்னார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

திரும்பிப் போய் மாற்றிக்கொண்டு வர நேரம் இல்லை. நின்ற இடத்திலேயே, கரையோரச் சேற்றுத் தண்ணீரில் அஸ்தியைக் கரைத்தோம். அது நகராமல் படகைச் சுற்றியே மிதந்தது. அக்காவின் மகன் துடுப்பால் மெதுவாகத் தள்ளிவிட்டான். அந்தத் துடுப்பின் சத்தத்தை நினைத்தால் இப்போதும் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

மச்சானுடைய குரல் என்னிடம் இல்லை, தைரியமும் இல்லை. அந்தக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டேன். போன ஞாயிறு மாத்தளையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அந்த வீட்டு அம்மாவிடம், "எத்தன கிலோ?" என்று கேட்டேன். அவர் முறைத்தார், பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் பதில் வரும்வரை மோட்டாரைத் தொடவில்லை.